லிஃப்ட் போட்ட டகோமாவில் 33 அங்குல டயர்: கால்கரிக்குப் புதிதாக வந்த தம்பிக்குப் பதில்

தம்பி, நீங்கள் வாங்கிய 2018 டொயோட்டா டகோமா பிக்கப்பில் பழைய உரிமையாளர் மூன்று அங்குல லிஃப்ட் (வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் மாற்றம்) போட்டிருப்பதால், 33 அங்குல விட்டமுள்ள டயர் உரசாமல் ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். நேர்ச்சாலையில் ஓடும், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிக்கும்போதும், குழியில் இறங்கி முன்சக்கரம் மேலே அமுங்கும்போதும்தான் உரசும். லிஃப்ட் வண்டியைத் தூக்கிவிடுகிறதே தவிர, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள இடத்தை அதிகப்படுத்துவதில்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால், கேபினைச் சேஸிஸோடு இணைக்கும் பாடி மவுண்ட் என்ற இரும்புத் தாங்கியில்தான் இந்த வண்டியில் டயர் பெரும்பாலும் மோதும்.

கம்பெனி டயர் 265/70ஆர்16 (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 70 சதவீதம், ரிம் 16 அங்குலம்) என்றால் அதன் விட்டம் சுமார் 777 மி.மீ.; 33 என்று விற்கப்படும் 285/70ஆர்17 சுமார் 831 மி.மீ. அதாவது சுற்றிலும் 27 மி.மீ. கூடுகிறது, அகலமும் 20 மி.மீ. கூடுகிறது. இதைவிடக் கவனிக்க வேண்டியது ரிம்மின் ஆஃப்செட், அதாவது வண்டியோடு பொருந்தும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. +30 ஆஃப்செட் உள்ள ரிம்மைக் கழற்றிவிட்டு, அதே அகலத்தில் பூஜ்ய ஆஃப்செட் ரிம்மை மாட்டினால் சக்கரம் 30 மி.மீ. வெளியே வந்துவிடும், திருப்பும்போது இன்னும் பெரிய வட்டம் போட்டு, பம்பர் ஓரத்தையும் பாடி மவுண்டையும் தேய்க்கும். லிஃப்டின் உயரத்தை மட்டும் சொல்லி டயரை விற்கும் கடைகள், புதிதாக வந்தவர்களிடம் இதைச் சொல்லாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்போதுள்ள ரிம்மிலேயே 265/75ஆர்16 போடுவேன்: விட்டம் 804 மி.மீ., அகலத்தில் மாற்றமில்லை, மட்ஃபிளாப்பைக் கழற்றினாலே பெரும்பாலும் போதும். 33தான் வேண்டும் என்றால், 285க்குப் பதிலாக ஒல்லியான 255/80ஆர்17 நல்லது.

மாட்டிய அன்றே, ஆளில்லாத பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுவதும் ஒடித்து, முன்னோக்கி மட்டுமல்லாமல் ரிவர்ஸிலும் மெதுவாக ஓட்டுங்கள். பிறகு முன்சக்கரம் ஒன்றைச் சாய்தளத்தில் ஏற்றி, அமுங்கிய நிலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். சக்கரக் குழியின் உட்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் லைனரில் கறுப்பாகப் பளபளக்கும் தேய்ந்த தடம் தெரிந்தால் உரசும் இடம் அதுதான். லேசான உரசலென்றால், அலைன்மென்ட் செய்பவரிடம் காஸ்டரை (பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டியரிங் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) கூட்டச் சொல்லுங்கள். சக்கரம் சற்று முன்னே நகரும். அதற்கும் அடங்காவிட்டால்தான் லைனரை வெட்டுவதும் பாடி மவுண்டை அறுப்பதும். அறுத்த இரும்பை வெல்டிங்கால் மூடிப் பெயின்ட் அடிக்காமல் விட்டால், குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு அதை அரித்துவிடும்.

இங்கே இன்னொன்றும் உண்டு: குளிர்காலத்தில் திடீரென வீசும் சினூக் என்ற வெப்பக் காற்றில் இளகிய பனிச்சேறு, இரவில் சக்கரக் குழிக்குள் கல்லாக உறைந்துவிடும். கோடையில் விரல் நுழையுமளவு இடைவெளி இருந்த இடத்தில் ஜனவரியில் டயர் தேயும். ஆகவே இடைவெளியைத் தாராளமாகவே விடுங்கள். 285/70ஆர்17 போட்டால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மையான வேகம் 107 வரை இருக்கும் என்பதால், அதையும் சரிசெய்துகொள்ளுங்கள். லிஃப்டையும் டயர் அளவையும் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். ஸ்பேர் டயரையும் அதே அளவில் வாங்கி, அது வண்டிக்கு அடியில் உள்ள இடத்தில் அடங்குகிறதா என்று கடையிலேயே மாட்டிப் பாருங்கள்.