மழை வருதுங்க: ஜப்பானிய மொழி குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

சில மாதங்களாக ஜப்பானிய மொழி தொடர்பான கடிதங்கள் சேர்ந்துகொண்டே வந்தன. அஸ்தம்பட்டியில் மாலை வகுப்பு நடத்துகிறவன், அதற்கு முன்பு தொழிற்சாலைகளில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் என்ற முறையில் அவற்றில் ஐந்துக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். டிசம்பரில் ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5 எழுத எண்ணம். நான் வாங்கிய பாடநூல் ஆங்கிலத்தில் உள்ளது. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும், பெயருக்குப் பின்னால் ஒட்டுச்சொல் வரும், பழகக் கடினம் என்று பக்கத்துக்குப் பக்கம் அது எச்சரிக்கிறது. உலகிலேயே கடினமான மொழி இதுதானா?
*வாசகர், அம்மாபேட்டை*

யாருக்குக் கடினம் என்பதை அந்த நூல் சொல்லாமல் விட்டுவிட்டது. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்பிக்க வைத்திருக்கும் கணக்கின்படி, பிரெஞ்சுக்கு 30 வாரமும் ஜப்பானிய மொழிக்கு 88 வாரமும், அதாவது 2200 வகுப்பு மணியும், தேவை. அதே பட்டியலில் நம் தமிழுக்கு 44 வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்காகப் போட்ட கணக்கு அது; அம்மாபேட்டையில் வளர்ந்தவருக்கு அது பொருந்தாது. ஆங்கிலப் பாடநூலின் வழியாகப் படிக்கும் நம் மாணவர்கள், ஆங்கிலேயரின் கஷ்டங்களையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள் என்பது என் நெடுநாள் வருத்தம்.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: "வதாஷி வ சேரமு தெ கோஹீ ஒ நொமிமாசு." இதில் வதாஷி வ என்பது நான், சேரமு என்பது நம் சேலம், தெ என்பது 'இல்', ஒ என்பது 'ஐ', நொமிமாசு என்பது 'குடிக்கிறேன்'. நான் சேலத்தில் காபியைக் குடிக்கிறேன். வரிசையில் ஒரு சொல்லையும் நகர்த்த வேண்டியதில்லை. கடைசியில் 'கா' சேர்த்தால் நம் 'ஆ' சேர்த்ததுபோலக் கேள்வியாகிவிடும். "நேற்று குடித்த காபி" என்று நாம் பெயரெச்சத்தை முன்னால் வைப்பதுபோலவே அவர்களும் "கினோ நொந்த கோஹீ" என்று வைக்கிறார்கள். ஆங்கிலத்தில் காபியை முதலில் சொல்லிவிட்டு, எந்தக் காபி என்பதைப் பின்னால் இழுத்து வர வேண்டும்.

இதைவிட எனக்கு வியப்பளிப்பது துணைவினைகள். மிரு என்றால் பார். "தபெதெ மிரு" என்றால் சாப்பிட்டுப் பார். ஒகு என்றால் வை. "கத்தெ ஒகு" என்றால் வாங்கி வை. குரு என்றால் வா. "கத்தெ குரு" என்றால் வாங்கி வா. சாப்பிட்டு எதைப் பார்ப்பது என்று தமிழ்க் குழந்தை கேட்பதில்லை, ஜப்பானியக் குழந்தையும் கேட்பதில்லை. ஆங்கில நூல் இந்த மூன்றுக்கும் தனித்தனி அத்தியாயம் ஒதுக்குகிறது. நீங்கள் ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

சேலத்துக்காரருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. "மழை வருதுங்க" என்கிறோமே, அந்த 'ங்க' யாருக்குக் கொடுக்கும் மரியாதை? மழைக்கு அல்ல, கேட்டுக்கொண்டிருப்பவருக்கு. ஜப்பானிய வினையின் கடைசியில் வரும் 'மாசு'வின் வேலையும் இதுவே. நண்பனிடம் "அமே கா ஃபுரு" என்றால் மழை பெய்யும். ஆசிரியரிடம் "அமே கா ஃபுரிமாசு" என்றால் மழை பெய்யுமுங்க. ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இடம் இது. கொங்குப் பேச்சில் வளர்ந்தவருக்கு நாக்கிலேயே இருக்கிறது.

தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு மொழிகள் என்று மட்டும் தேர்வுக்கூடத்துக்கு வெளியே நின்று வாதிடாதீர்கள். சுசுமு ஓனோ (1919–2008) என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி ஒரு கருத்தை வலுவாக எழுதினார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. சொல்வரிசை ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. துருக்கிய மொழியும் கொரிய மொழியும்கூட வினையைக் கடைசியில்தான் வைக்கின்றன.

கடினம் எங்கே என்று கேட்டால், எழுத்தில். ஹிராகனாவில் 46, கதகானாவில் 46 அடிப்படை எழுத்துகளை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். ஆனால் அன்றாடப் பயன்பாட்டுக்கென்று ஜப்பானிய அரசு வகுத்த கான்ஜி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகள், 2136. அங்கே தமிழும் கைகொடுக்காது, ஆங்கிலமும் கைகொடுக்காது. கோடு போட்ட நோட்டுதான் கைகொடுக்கும். தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது, விண்ணப்பம் பல வாரங்களுக்கு முன்பே முடிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நான்கு அறைகள் கொண்ட தங்கும் விடுதி நடத்துகிறோம். சென்ற சீசனில் ஒரு ஜப்பானியத் தம்பதியும் இங்கிலாந்திலிருந்து ஒரு தம்பதியும் தங்கினார்கள். காலை உணவின்போது "இன்னும் காபி வேண்டாமா?" என்ற பொருளில் இரு தரப்பையும் ஆங்கிலத்தில் கேட்டேன். இங்கிலாந்துக்காரர் "நோ" என்றார். ஜப்பானியர் "யெஸ்" என்றார்; ஊற்றினேன். அவர் முகம் ஒரு மாதிரியாக மாறியது. ஆனாலும் முழுவதையும் குடித்துவிட்டார். மறுநாளும் அப்படியே நடந்தது. எங்கள் தோட்டத்துக் காபி பிடிக்கவில்லையா?
*வாசகி, ஏற்காடு*

காபியில் குற்றமில்லை, கேள்வியில்தான். இருவரும் சொன்னது ஒரே பதில்: வேண்டாம்.

உங்கள் வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். "காபி வேண்டாமா?" என்று கேட்டால் வேண்டாதவர் "ஆமாங்க, வேண்டாம்" என்பார். நீங்கள் சொன்னது சரி என்பதற்கு அந்த 'ஆமாம்'. ஜப்பானியரின் 'ஹை'யும் அப்படித்தான். அதை அவர் மனத்துக்குள் 'யெஸ்' என்று மாற்றிச் சொல்லிவிட்டார். ஆங்கிலத்தில் கேள்வி எப்படி அமைந்தாலும், வேண்டாம் என்றால் 'நோ' என்றுதான் தொடங்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், நீங்கள் தமிழில் யோசித்திருந்தால் அவரைச் சரியாகப் புரிந்துகொண்டிருப்பீர்கள். ஆங்கிலத்துக்கு மாறியதும் இருவருமே அவரவர் மொழியின் பாதியை வெளியே விட்டுவிட்டு வந்தீர்கள்.

இதை அப்படியே சட்டமாக்கிவிட வேண்டாம். "நொமிமசென் கா", அதாவது "குடிக்க மாட்டீர்களா?" என்று ஜப்பானியர் அன்போடு அழைக்கும்போது, 'ஹை' என்பது குடிக்கிறேன் என்ற சம்மதம். நம்மிலும் "ஒரு வாய் சாப்பிடக் கூடாதா?" என்று கேட்டால் "சரிங்க" என்று இலையில் உட்கார்ந்துவிடுகிறோம் அல்லவா? கேட்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதற்குத்தான் அந்த 'ஹை' தலையாட்டுகிறது.

இனிமேல் எதிர்மறைக் கேள்வியைத் தவிர்த்து, "இன்னும் ஊற்றட்டுமா, போதுமா?" என்று கேளுங்கள். அவர் "கெக்கோ தெசு" என்றால் நேர்ப்பொருள் 'நன்றாக இருக்கிறது', உட்பொருள் 'போதும்'. "இருக்கட்டுங்க" என்று நாம் சொம்பின் மேல் கையை வைப்பதுபோல. அப்போது குடுவையைக் கீழே வைத்துவிடலாம். பிடிக்காத காபியை ஒருவர் இரண்டு நாள் குடித்து முடித்திருக்கமாட்டார். ஊற்றிவிட்டதை மீதம் வைப்பது உங்களுக்கு அவமரியாதை என்று கருதியிருப்பார்.

கேள்வி: சிறிய லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு ஜப்பானிய நிறுவனத்தோடு காணொளியில் பேசினோம். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் "ஹை, ஹை" என்று தலையசைத்தார்கள். கடைசியில் "பரிசீலிக்கிறோம்" என்றார்கள். இரண்டு மாதமாகத் தகவல் இல்லை. ஒப்புக்கொண்டு ஏமாற்றுகிறார்களா?
*வாசகர், சூரமங்கலம்*

அவர்கள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. நீங்கள் கதை சொல்லும்போது எதிரில் இருப்பவர் "ம்… ம்…" என்று கொட்டாவிட்டால் உங்களுக்குப் பேச்சு ஓடுமா? ஜப்பானியரின் 'ஹை' பெரும்பாலும் அந்த 'ம்'தான். அவர்கள் மொழியில் அதற்கு 'ஐசுச்சி' என்றே பெயர் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது அதன் பொருள். ஆங்கிலம் பேசுகிறவர் எதிராளி முடிக்கும்வரை மௌனமாக இருப்பதையே மரியாதை என்று கருதுவதால், இந்த ஓயாத 'ஹை'யைச் சம்மதம் என்று எண்ணி ஏமாறுவது அவர்களிடம் வழக்கமான புகார். நீங்கள் ஆங்கிலத்தில் பேசியதால் அந்தக் காதோடு கேட்டிருக்கிறீர்கள்.

'பரிசீலிக்கிறோம்' என்பது சற்றுச் சிக்கலானது. பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் "வீட்ல கலந்துக்கிட்டுச் சொல்றோம்ங்க" என்றால் அதில் எவ்வளவு ஆமாம், எவ்வளவு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். "கென்தோ ஷிமாசு" என்பதும் அந்த வகைதான். பல நேரம் நாசூக்கான மறுப்பு. ஆனால் உண்மையாகவே கலந்து பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். 'ரிங்கி' என்ற நடைமுறையில் ஒரு முன்மொழிவுத் தாள் மேசை மேசையாகச் சுற்றி, ஒவ்வொருவரும் ஒப்புதல் முத்திரை இட்ட பிறகுதான் முடிவாகும். அதற்கு வாரக்கணக்கு பிடிக்கும். உங்கள் கூட்டத்தில் அவர்கள் உருக்கின் தரம், அளவுப் பிழை வரம்பு, பரிசோதனைச் சான்று என்று துருவிக் கேட்டிருந்தால் காத்திருங்கள்; ஒரு கேள்வியும் கேட்காமல் 'ஹை' மட்டும் சொல்லியிருந்தால் வேறு வாடிக்கையாளரைப் பாருங்கள்.

இதில் நானே ஒருமுறை கெட்டிருக்கிறேன். ஒரு தொழிற்சாலையில் விலைப் பேச்சின்போது, ஜப்பானியப் பொறியாளர் பல்லிடுக்கில் காற்றை மெல்ல இழுத்து, தலையைச் சாய்த்து, "முசுகஷீ தெசு நே" என்றார். அகராதிப்படி "கடினமாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். எதிரில் இருந்த ஆங்கிலேய மேலாளர் "எந்தப் பகுதி கடினம் என்று சொல்லுங்கள், எளிதாக்குவோம்" என்று உற்சாகமாகிவிட்டார். பொறியாளர் 'முடியாது' என்று சொல்லி முடித்திருந்தார். மேலாளருக்கோ பேரம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. ஒரு மணி நேரம் வீண். சொல்லை மட்டும் மொழிபெயர்த்து, அந்தக் காற்றிழுப்பை விட்டுவிட்டது என் பிழை.

கேள்வி: ஜப்பானியர் ஆங்கிலத்தில் பேசினால் ஏன் 'மில்க்' என்பது 'மிருகு' ஆகிறது?
*வாசகி, குகை*

அவர்களுக்கு ல, ர என்று இரண்டு ஒலி இல்லை. 'ன்' தவிர்த்த மெய்யில் சொல்லை முடிக்கும் வழக்கமும் இல்லை. நாமும் பஸ்ஸை 'பஸ்ஸு' என்கிறவர்கள்தானே. சேலத்தின் கடைசி 'ம்'முக்குப் பின்னால் அவர்கள் ஓர் உகரம் சேர்த்தால் சிரிக்காதீர்கள்.

நமக்கு வேறு ஆபத்து உண்டு. ஜப்பானியத்தில் 'kaki' என்றால் ஒரு பழம், 'kagi' என்றால் சாவி என்று வகுப்பில் ஒலித்துக் காட்டிவிட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பினால், மாணவர் நோட்டில் இரண்டும் 'ககி' என்றே இருக்கும். வல்லினத்தின் இரண்டு ஒலிகளையும் தமிழில் ஒரே எழுத்தால் எழுதுவதன் விளைவு இது. ஹிராகனாவில் எழுத்தின் தோளில் இரண்டு சிறு கோடு போட்டு இதைப் பிரித்துவிடுகிறார்கள். எனவே தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்கும் பழக்கத்தை இரண்டாம் வாரமே விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகன் குடும்பம் யோகோஹாமாவில் இருக்கிறது. பேரன் அங்கேயே பிறந்தவன், தமிழும் பேசுவான். "அடுத்த மாசம் லீவுக்குச் சேலம் போறேன் பாட்டி" என்று என்னிடமே சொல்கிறான். 'வரேன்' என்று சொல்லாமல் 'போறேன்' என்பது கேட்கவே சங்கடமாக இருக்கிறது. மரியாதை கற்றுத்தரவில்லையா?
*வாசகி, செவ்வாய்ப்பேட்டை*

மரியாதைக் குறைவு இல்லை அம்மா, குழந்தை ஜப்பானியத்தில் யோசித்துத் தமிழில் சொல்கிறான். நாம் கேட்பவரின் இடத்தில் போய் நின்றுகொண்டு 'வரேன்' என்கிறோம். ஆங்கிலத்திலும் இந்த இடத்தில் 'வருகிறேன்' என்றுதான் சொல்வார்கள். ஜப்பானியரோ தாம் நிற்கும் இடத்திலிருந்தே பேசுவார்கள். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிட்டால் அங்கே குழந்தை "இமா இகு", அதாவது "இப்போ போறேன்" என்றுதான் குரல் கொடுக்கும். தமிழை ஜப்பானியத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மேலே அந்த மாணவருக்குச் சொன்னேன். தமிழ் நம்மை வழிதவறச் செய்யும் இடங்களில் இது ஒன்று. என் மாணவர்கள் அத்தனை பேரும் இதில் ஒருமுறையாவது சறுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் உங்கள் பேரன் தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வாசலில் "இத்தெகிமாசு" என்று சொல்லிவிட்டுத்தான் போவான். சொல்லைப் பிரித்தால் 'போய்' 'வருகிறேன்'. நம் "போயிட்டு வரேன்" அப்படியே. ஆங்கிலத்தில் இதற்கு ஈடாக ஒன்றும் கிடையாது. வீட்டில் இருப்பவர் "இத்தெராஷ்ஷை", போயிட்டு வா, என்று பதில் சொல்ல வேண்டும். நீங்களும் இதைப் பழகிக்கொண்டு ஒருநாள் காணொளி அழைப்பில் சொல்லிப் பாருங்கள். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அவன் ஏழரைக்குக் கிளம்பினால் இங்கே விடிகாலை நான்கு. வாசல் தெளிக்க எழுந்திருக்கும் நேரம்தானே, கைப்பேசியைத் திண்ணையில் வைத்துக்கொள்ளுங்கள்.