பின்னாடி ஸ்பீக்கருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

கேள்வி: மடிப்பாக்கத்தில் வாடகை ஃபிளாட். ஹால் 10-க்கு 14 அடி. மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 5.1 ரிசீவர் (ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்புகிற பெட்டி), முன்பக்க ஸ்பீக்கர் இரண்டு, சென்டர், சப்வூஃபர் வாங்கிவிட்டேன். பாக்கி, பின்னாடி வைக்கிற சரவுண்ட் ஜோடி மட்டும்தான். கடையில் கேட்டால், "முன்னாடி இருக்கிற அதே கம்பெனி, அதே சீரிஸ்தான் போடணும் சார், இல்லன்னா சவுண்டு சேராது" என்று 28,000 ரூபாய் சொல்கிறார்கள். கையில் இருப்பது 10,000. சோபா பின்சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. சுவரில் ஓட்டை போட்டால் ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் கை வைப்பார். என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. அந்தப் பாதி உங்கள் வீட்டில் ஏற்கெனவே முடிந்துவிட்டது. ஒரே குரலாக இருக்க வேண்டியவை முன்னால் இருக்கிற மூன்று ஸ்பீக்கர்கள். கதாநாயகன் இடமிருந்து வலமாக நடந்துகொண்டே பேசும்போது மூன்றுக்கும் மூன்று தொண்டை இருந்தால் காதில் இடிக்கும். சரவுண்ட் ஸ்பீக்கருக்கு வருவதோ மழை, கூட்ட இரைச்சல், தலைக்கு மேல் போகிற ஹெலிகாப்டர், பின்னணி இசையின் எதிரொலி. படத்தில் பாதி நேரம் அது சும்மாதான் இருக்கும். சத்த அளவில் இருக்கிற வித்தியாசத்தை, கூடவே வந்த மைக்கை வைத்து அளந்தாலே ரிசீவர் சரிசெய்துகொள்ளும். ஐந்து ஸ்பீக்கரில் சிக்கனம் பிடிக்கலாம் என்றால் அது இந்த இரண்டில்தான். அந்த 18,000 ரூபாய் வித்தியாசம் மிச்சமானால் பின்னாளில் இன்னும் நல்ல சென்டருக்குப் போகட்டும்.

அதற்காகத் தீப்பெட்டி அளவில் இருப்பதை எடுத்துவிடாதீர்கள். நான் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தேன். உள்ளங்கையில் அடங்குகிற ஜோடி, பார்க்க லட்சணம், வீட்டிலும் மறுப்பு இல்லை. ஆனால் அதன் கோன், அதாவது அதிர்ந்து சத்தம் தருகிற கூம்பு, இரண்டரை இஞ்ச். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதாவது அடித்தொனியில், அதற்குக் குரலே கிடையாது. அதற்குக் கீழே உள்ளதையெல்லாம் சப்வூஃபருக்குத் தள்ள வேண்டியிருந்தது. சப்வூஃபர் எங்கிருந்து சத்தம் போடுகிறது என்று காதுக்குத் தெரியாமல் இருப்பது ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். அதற்கு மேலே போகப் போக, பின்னால் இடிக்க வேண்டிய இடி டிவி பக்கத்தில் இடிக்கும். நாலு அல்லது ஐந்து இஞ்ச் ஊஃபரும் (பெரிய கோன்) கீச்சுச் சத்தத்துக்கு ஒரு ட்வீட்டரும் உள்ள சாதாரண புக்‌ஷெல்ஃப் ஜோடி போதும். ரிசீவரில் கிராஸோவரை, அதாவது எதற்குக் கீழே சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80-லோ 100-லோ வைத்துவிடலாம்.

உங்கள் தொகைக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது பழைய ஜோடியை. ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) பழையது வாங்கப் பயப்படலாம், உள்ளே ஆம்ப் இல்லாத பாஸிவ் ஸ்பீக்கருக்கு அவ்வளவு பயம் வேண்டாம். உள்ளே இருப்பது காந்தம், சுருள், கோன், நாலைந்து சின்னச் சாமான், அவ்வளவுதான். ஒன்றை மட்டும் விரலால் தொட்டுப் பாருங்கள்: கோனைச் சுற்றியிருக்கிற வளையம் ரப்பரா, ஃபோமா என்று. சென்னைப் புழுக்கத்தில் பழைய ஃபோம் பிஸ்கட் மாதிரி உதிரும். ரப்பர் என்றால் தைரியமாக எடுக்கலாம். பிறகு ஒரு கோனை நாலு விரலால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசுகிற சத்தம் வந்தால் வேண்டாம். டெமோவுக்கு அடிதடிக் காட்சி கேட்காதீர்கள். அதில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும். நன்றாகத் தெரிந்த ஒரு குரலை அளவான சத்தத்தில், ஒரு ஸ்பீக்கர் மாற்றி ஒரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட் போவதானால் ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும். அங்கே "சார், இது பத்தாயிரத்துக்குள்ளேயே வருது, புளூடூத்தும் இருக்கு" என்று காட்டுவார்கள். அது பவர்டு ஸ்பீக்கர், உள்ளேயே ஆம்ப் இருக்கும். உங்கள் ரிசீவரின் ஸ்பீக்கர் டெர்மினலில் அதை மாட்டக் கூடாது, எதாவது ஒன்று போய்விடும். "பாஸிவ் வேணும்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள். பழைய டிவிடி ஹோம் தியேட்டர் செட்டிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரும் வேண்டாம். அவற்றில் பலவற்றின் மின்தடை 3, 4 ஓம்ஸ்தான், ரிசீவரிலிருந்து அதிகக் கரண்டு இழுக்கும். உங்கள் ரிசீவரின் பின்பக்கம் 6 ஓம்ஸுக்குக் குறையக் கூடாது என்று போட்டிருந்தால், மே மாதத்தில் டிவி யூனிட்டுக்குள் மூடிவைத்த ரிசீவர் படத்தின் நடுவே தானே அணைந்து போகும். 6 அல்லது 8 ஓம்ஸ் பார்த்து எடுங்கள். சென்சிடிவிட்டி, அதாவது கொடுக்கிற வாட்ஸுக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற கணக்கு, 84 டெசிபலா 87-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். 3 டெசிபல் குறைந்தால் இரட்டிப்பு வாட்ஸ் வேண்டும் என்பது சரிதான். ஆனால் ஐந்தடி தூரத்தில் இருக்கிற ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

எந்தக் கம்பெனி என்பதைவிட எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம். வீட்டில் எல்லோரும் இதைப் 'பின்னாடி ஸ்பீக்கர்' என்றே சொல்கிறோம், நானும் தலைப்பிலேயே அப்படித்தான் எழுதிவிட்டேன். ஆனால் 5.1-ல் அதன் இடம் பக்கவாட்டு. டிவியை நேராகப் பார்த்து உட்கார்ந்தால் காதுக்கு நேரே, அல்லது கொஞ்சம் பின்தள்ளி, 90-லிருந்து 110 டிகிரிக்குள். அதனால் சோபா சுவரோடு ஒட்டியிருப்பது உங்களுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை. ஒரு அடி முன்னால் இழுக்க முடிந்தால் இழுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை.

உங்கள் தொல்லை வேறு. பத்தடி அகல ஹாலில் ஏழடி சோபா போட்டால் ஓரத்தில் உட்காருகிறவரின் காதுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இருக்கும். அவருக்குப் படமே கேட்காது, அந்த ஒரு ஸ்பீக்கர்தான் கேட்கும். இதற்கு மருந்து உயரம். உட்கார்ந்தால் காது ஏறக்குறைய மூன்றரை அடியில் வரும். ஸ்பீக்கரை ஐந்தரை அடிக்கு ஏற்றி, பக்கத்தில் இருப்பவரை நோக்கித் திருப்பாமல், எதிர் ஓரத்தில் உட்காருகிறவரின் தலைக்கு மேலாகப் பார்க்கிற மாதிரி வையுங்கள். சத்தம் ஒருத்தர் காதில் கொட்டாமல் ஹால் முழுக்கப் பரவும்.

ஆணி அடிக்காமல் ஐந்தரை அடி எப்படி? கடை ஸ்டாண்டு பெரும்பாலும் மூன்றடிக்குள்தான் வருகிறது, விலையும் கூடுதல். தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒரு இஞ்ச் சதுரப் பைப்பில் அடித்துக் கேளுங்கள். மேலே ஒரு தட்டு, கீழே அகலமான தட்டு. கிரானைட் கடையில் வெட்டிப் போட்ட துண்டு கிடக்கும், அதைக் கேட்டு வாங்கி அடித்தட்டின் மேல் வைத்துவிட்டால் குழந்தை இடித்தாலும் எளிதில் சாயாது. ஸ்பீக்கரை மேல்தட்டோடு பட்டை போட்டுக் கட்டிவிடுங்கள். காற்று வெளியேறும் துளை ஸ்பீக்கருக்கு முன்பக்கம் இருந்தால் சுவரை ஒட்டி வைக்கலாம். பின்பக்கம் என்றால் நாலைந்து இஞ்ச் விட வேண்டும்.

இனி ஒயர். எல்லோரும் கோட்டை விடுகிற இடம். நூல் பிடித்த மாதிரி நேர்த் தூரத்தை அளக்காதீர்கள். ரிசீவரிலிருந்து கிளம்பி, டிவிச் சுவர் பாதி, பக்கச் சுவர் முழுக்க, நடுவில் கதவு வந்தால் நிலைக்கு மேலே ஏறி இறங்கி, கடைசியில் ஸ்டாண்டில் ஏற வேண்டும். பதினான்கு அடி ஹாலில் கதவு இருக்கிற பக்கம் 40 அடியை நெருங்கும். 16 கேஜ் செம்பு ஒயர் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 4 ஓம்ஸ். போக வர 80 அடி என்றால் 0.32 ஓம். எட்டு ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு 0.4 வரைக்கும் தாங்கும், ஆக இது போதும். ஆனால் கடையில் 'ஸ்பீக்கர் ஒயர்' என்று மினுமினுப்பாகக் கிடைப்பதில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. அதே பருமனில் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, அதாவது அரை ஓமை நெருங்கும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இதற்கெல்லாம் அலையப் பிடிக்காவிட்டால் பக்கத்து எலக்ட்ரிகல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் ஐஎஸ்ஐ செம்பு ஃப்ளெக்ஸிபிள் ஒயர், சிவப்பு கறுப்பு, வாங்கிக்கொள்ளுங்கள். அது 16 கேஜைவிடக் கொஞ்சம் தடிமன்தான். 'ஆடியோஃபைல்' என்று போட்டு அடிக்கு நூறு ரூபாய் விற்கிறவர்கள் என்னைத் திட்டட்டும். ஒயரை ஒட்டுகிற பிவிசி பட்டிக்குள் விட்டுவிட்டால் ஹவுஸ் ஓனரும் கேட்க மாட்டார், எலிக்கும் எளிதில் எட்டாது.

ஏழாயிரம் ஸ்பீக்கருக்கு, இரண்டாயிரம் ஸ்டாண்டுக்கு, மிச்சம் ஒயருக்கும் பட்டிக்கும். இழுத்துப் பிடித்தால் அடங்கிவிடும்.

கேள்வி: ஒயர் வேண்டாம் என்று வயர்லெஸ் சரவுண்ட் வாங்கினால்? (பெரம்பூர்)

பதில்: ரிசீவரிலிருந்து ஒயர் வராது, ஆனால் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் கரண்டு வேண்டும். சோபாவுக்கு இரண்டு பக்கமும் பிளக் பாயின்ட் இருக்கிறதா? மேலும் அவை பெரும்பாலும் அதே கம்பெனியின் சவுண்ட்பாரோடு மட்டும்தான் பேசும். உங்களிடம் இருப்பது அந்த சவுண்ட்பார் என்றால் வாங்குங்கள். தனி ரிசீவர் என்றால் ஒயர்தான்.

கேள்வி: சரவுண்ட் ஸ்பீக்கர் மாட்டி ஒரு வாரம் ஆகிறது. சத்தமே வருவதில்லை. ஸ்பீக்கர் பழுதா? (போரூர்)

பதில்: முதலில் ரிசீவரின் மெனுவில் டெஸ்ட் டோன் போடுங்கள். அதில் கேட்டால் ஸ்பீக்கர் மேல் பழி இல்லை. டிவிதான் இரண்டு சேனலாகச் சுருக்கி அனுப்புகிறது. டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட் 'பிசிஎம்' என்று இருக்கும், அதை 'பாஸ்த்ரூ' அல்லது 'பிட்ஸ்ட்ரீம்' ஆக்குங்கள். ஆப்டிகல் கேபிளில் டால்பி டிஜிட்டல் (5.1 சத்தத்தைச் சுருக்கி அனுப்புகிற ஒரு முறை) போகும், ஓடிடி ஆப்கள் தருகிற டால்பி டிஜிட்டல் பிளஸ் போகாது. அதற்கு 'ஏஆர்சி' (ARC) என்று எழுதியிருக்கிற எச்டிஎம்ஐ துளையில் மாட்ட வேண்டும். சீரியலும் செய்தியும் பெரும்பாலும் இரண்டு சேனல்தான், அதில் சரவுண்டைத் தேடாதீர்கள்.

கேள்வி: வாங்கி ஒன்பது நாளில் ஜோடியில் ஒன்று கரகரக்கிறது. பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சடித்திருக்கிறது என்று கடையில் கையை விரிக்கிறார்கள். (திருவான்மியூர்)

பதில்: சண்டைக்குப் போவதற்கு முன் இடது வலது ஒயரை மாற்றி மாட்டிப் பாருங்கள். கரகரப்பு ஒயரோடு இடம் மாறினால் குற்றவாளி ஒயரோ ரிசீவரோதான். நீங்கள் இருக்கிற ஊரில் உப்புக்காற்று வேறு, டெர்மினலில் பச்சை பூத்திருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். அதே ஸ்பீக்கர்தான் கரகரக்கிறது என்றால் அதை வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அச்சடித்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பிடிக்கவில்லை என்று திருப்புவது வேறு, குறை என்று திருப்புவது வேறு. உங்களுடையது இரண்டாவது. இன்றே கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸப்போ மெயிலோ, தேதி தெரிய வேண்டும். அசையவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

பில்லில் மாடல் பெயரும் சீரியல் நம்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே 'ஸ்பீக்கர் – 2' என்று எழுதிக் கொடுத்திருந்தால், கடைக்கு அனுப்புகிற கடிதத்திலேயே இரண்டு நம்பரையும் எழுதி, ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் படமெடுத்துச் சேர்த்துவிடுங்கள்.