ஸ்டீல் விலை ஏறிடுச்சு, இன்ஜினியரும் கிளம்புறார்: ஆளை மாத்தலாமா?

கேள்வி: சின்ன பாலம் வேலை ஒண்ண ஃபிக்ஸட் ரேட்ல சப்-கான்ட்ராக்ட் எடுத்திருக்கேன் சார். ஸ்டீல் ஏறினதுல லாபம் போச்சு. இப்ப சைட் இன்ஜினியர் வேற இடத்துல சம்பளம் ஜாஸ்தின்னு கிளம்புறார். ஏஜென்ட் ஒருத்தர் இதைவிட கம்மிக்கு ஆள் தர்றேங்கிறார். மாத்திடலாமா?

பதில்: இப்ப மாத்தாதீங்க. நீங்க சம்பள வித்தியாசத்த மட்டும் பாக்குறீங்க, அவர் தலைக்குள்ள இருக்கிற கணக்கப் பாக்கல. டிராயிங்ல ஃபவுண்டேஷன் ஒன்றரை மீட்டர்னு இருக்கும், தோண்டினா களிமண்ணு, கன்சல்டன்ட் ஆளு வந்து "இன்னும் அரை மீட்டர் போங்க, பிசிசி, அதான் கம்பியில்லாத கான்கிரீட், போட்டு ஏத்துங்க"ன்னு வாயால சொல்லிட்டுப் போயிருப்பார். அந்தக் குழிக்குள்ள அளவு குறிச்ச கோல (ஸ்டாஃப்) நிறுத்தி எடுத்த ஃபோட்டோ உங்க இன்ஜினியர் போன்லதான் இருக்கு. கான்கிரீட் போட்டு மூடினப்புறம் எவன் வந்து அளப்பான்? அவர் போனா அந்தப் பில்லும் போச்சு.

ஃபிடிக்னு உலகம் பூரா கட்டுமான வேலைக்கு எடுத்துக்கிற ஒரு பொது ஒப்பந்தப் படிவம் இருக்கு. அது மாதிரி அக்ரிமென்ட்னா, கூடுதல் காசு கேக்க விஷயம் தெரிஞ்ச 28 நாளுக்குள்ள எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், தவறினா க்ளைம் காலி. கான்கிரீட் பலம் பாக்க கட்டிய உடைக்கிற கியூப் டெஸ்டுக்கும் 28 நாள்தான், ஆனா அதை மறக்காம உடைக்கிறோம், இந்த நோட்டீஸ மட்டும் யாரும் எழுதுறதில்ல. சப்-கான்ட்ராக்ட்ல கெடு இன்னும் கம்மியா இருக்கலாம், உங்க பேப்பர எடுத்துப் பாருங்க.

ஸ்டீலுக்கு வர்றேன். விலை ஏறினா கூடக் குடுக்கணும்ங்கிற ஷரத்து அக்ரிமென்ட்ல இல்லேன்னா மார்க்கெட் ஏத்தம் உங்க தலையிலதான். ஆனா அரசு வரிய ஏத்தினா கதை வேற. ஃபிடிக்ல டெண்டர் கடைசி தேதிக்கு 28 நாள் முன்னாடி இருக்கிறதுதான் பேஸ் டேட், அதுக்கப்புறம் சட்டமோ வரியோ மாறி செலவு ஏறினா கேக்கலாம். வரியால ஏறினது வரும், வியாபாரி ஏத்தினது வராது, ரெண்டையும் ஒரே கணக்குல கலந்து அனுப்பினா ரெண்டையும் திருப்பி அனுப்பிடுவாங்க. அதனால பழைய இன்வாய்ஸ், புது இன்வாய்ஸ் ரெண்டுலயும் வரி லைன தனியா காட்டுங்க. திரும்பவும் சொல்றேன், தனியா.

அந்த ஏஜென்ட் விஷயம். பயோடேட்டா பளபளன்னு இருக்கும், வர்றவருக்கு எந்தக் கம்பிய எப்படி வெட்டி வளைக்கணும்ங்கிற பார் பெண்டிங் ஷெட்யூல் படிக்கத் தெரியாது. கொஞ்சம் வேலை கத்துக்கிட்டதும் அதே ஏஜென்டே அவரைக் கிளப்பி அடுத்த சைட்ல விட்டு அங்கயும் கமிஷன் வாங்குவார். "ஒரிஜினல் சர்டிஃபிகேட்ட வாங்கி வெச்சுக்கோங்க, ஓடமாட்டான்"னு ஐடியா வேற தருவாங்க, அந்த வம்பே வேணாம். அவனவன் உழைச்சு வாங்கின சர்டிஃபிகேட், அதைப் பிடிச்சு வெக்க நாம யாரு?

கம்மியா கோட் பண்றவனுக்கே வேலையாம், ஆனா மண்ணு டெஸ்ட ஒழுங்கா பாக்காத டிசைன்காரர் ஃபீஸ முழுசா வாங்கிட்டுப் போவார், ரிஸ்க் எல்லாம் படிப்படியா இறங்கி கடைசியா கையெழுத்துப் போட்ட உங்க மேல உக்காரும். இதை யாரு கேக்குறா?

அவரோட உக்காந்து பேசுங்க. மாசச் சம்பளத்த முழுசா ஏத்த முடியலேன்னா ஃபைனல் பில் சர்டிஃபை ஆனதும் இவ்வளவு போனஸ்னு எழுதிக் குடுங்க, சம்பளத்த தேதி தவறாம போடுங்க, பாதிப்பேர் தொகை பத்தாம போறதில்ல, இழுத்தடிக்கிறதால போறாங்க. எப்படியும் போறேன்னா, ஒரு ஜூனியர கூட நிறுத்தி மூடப்போற வேலை எல்லாத்துக்கும் அளவெடுத்து மெயின் கான்ட்ராக்டர் ஆள்கிட்ட கையெழுத்து வாங்கச் சொல்லுங்க. போன்ல இருக்கிற ஃபோட்டோவ மட்டும் தேதியோட இன்னைக்கே காப்பி எடுத்துடுங்க.