கணினி கேள்வி பதில்: திரை கறுத்தால் கார்ட் போய்விட்டதா?

கேள்வி: அண்ணா, எங்கள் பழைய கொம்பியூட்டர் விண்டோஸ் 11ஐ ஏற்காது என்பதால், பாவித்த எட்டாம் தலைமுறை ஐ5 பெட்டி ஒன்று வாங்கினோம். பழைய எஸ்எஸ்டியை அப்படியே கழற்றி இதில் பூட்டி, விண்டோஸ் 11க்கும் மாற்றினோம். முன்பிருந்த ரேடியன் கிராபிக்ஸ் கார்டுக்குப் பதிலாக, பாவித்த என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்று போட்டோம். அன்றிலிருந்து வீடியோ ஓடும்போது திரை கறுத்து, கொஞ்ச நேரத்தில் தானாகத் திரும்பி வருகிறது. தங்கச்சி ஏ.எல். படிக்கிறாள், சூம் வகுப்பு நடுவில் உறைந்துவிடுகிறது. கடையில் காட்டினால் கார்ட் போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?
– வாசகர், உவர்மலை

பதில்: தம்பி, இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் கார்டில் இல்லை, கார்டை விண்டோஸோடு பேச வைக்கிற மென்பொருளான டிரைவரில்தான். திரை கறுத்துத் தானாகத் திரும்பி வருகிறது என்கிறீர்களே, அது விண்டோஸ் வேண்டுமென்றே செய்கிற வேலை. கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுத்த வேலைக்கு 2 விநாடிக்குள் பதில் வராவிட்டால், முழுக் கொம்பியூட்டரும் தொங்கிப்போகாமல் இருக்க டிரைவரை மட்டும் நிறுத்தித் திரும்பக் கிளப்பும். விண்டோஸ் தன் பிழைகளைக் குறித்து வைக்கிற ஈவன்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியில் பாருங்கள், டிஸ்ப்ளே என்ற பெயரில் 4101 என்ற எண்ணோடு பதிவு இருந்தால் இதேதான் நடந்திருக்கிறது.

உங்கள் எஸ்எஸ்டியில் பழைய ரேடியனின் ஏஎம்டி டிரைவர் இன்னும் இருக்கிறது. விண்டோஸ் 11க்கு மாறினாலும் அது அழியாது, அதற்கு மேல் என்விடியா டிரைவர் ஏறியிருக்கிறது, போதாததற்கு விண்டோஸ் அப்டேட்டும் தன் பங்குக்கு இன்னொன்றை இறக்கியிருக்கலாம்.

இவற்றையெல்லாம் துடைத்துவிட்டு ஒன்றை மட்டும் புதிதாகப் போட வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை, காசு செலவில்லை. கொம்பியூட்டரைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்பே வருகிற அமைப்புத் திரையான பயோஸுக்குள் போய் அப்படியே கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கள். அங்கே விண்டோஸும் இல்லை, டிரைவரும் இல்லை. அங்கேயே கோடும் புள்ளியுமாகத் திரை குழம்பினால், மொனிட்டர் வயரை மாற்றியும் குழம்பினால், கடைக்காரர் சொன்னது சரியாக இருக்கலாம். அங்கே சுத்தமாக இருந்து விண்டோஸுக்குள் வந்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது என்றால், கார்ட் நல்லது என்று முழு உத்தரவாதம் இல்லாவிட்டாலும், முதலில் டிரைவரைத் துப்புரவாக்குவதுதான் முறை. இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் புதுக் கார்ட் வாங்கு என்று சொல்வது எனக்கு மனவருத்தமாக இருக்கிறது.

இனி வேலைக்கு வருவோம். முதலில் என்விடியா தளத்திலிருந்து டிரைவரை இறக்கிப் பென் டிரைவில் வையுங்கள். அரை ஜி.பி.க்கு மேல் வரும், ஆகவே டேட்டாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆகப் புதியதை எடுக்காதீர்கள். 1050 டிஐ பாஸ்கல் தலைமுறைக் கார்ட், அதற்கு 580 வரிசைதான் கடைசி. அதற்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை வரும் என்று என்விடியா சொல்லியிருக்கிறது. தளத்தில் கார்டின் பெயரைச் சரியாகத் தெரிவு செய்தால் பொருத்தமானதையே காட்டும். கூடவே பழைய டிரைவர்களை அடியோடு நீக்குகிற, டிடியூ என்று எல்லோரும் சொல்கிற டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரையும் இறக்குங்கள், இலவசம்தான்.

அடுத்து இன்டர்நெட்டை நிறுத்துங்கள். வைஃபை, வயர் இரண்டையும்தான். இதை மறந்தால் நீங்கள் துடைத்து முடிக்கும் முன்பே விண்டோஸ் அப்டேட் வேறொரு டிரைவரைப் போட்டுவிடும், பலருக்கு இந்த வேலை பிசகுவது இந்த இடத்தில்தான்.

அப்புறம் ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய், திரும்ப எழும்பும்போது 4ஐ அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் எழும்புகிற நிலை. இங்கே இரண்டு விஷயம் கவனம். சேஃப் மோடில் சிலவேளை பின் எண் வேலை செய்யாது, ஆகவே முழுக் கடவுச்சொல் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியும் கேட்கக்கூடும், அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கில் இருக்கும், முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி வையுங்கள். உள்ளே போனதும் டிடியூவில் முதலில் ஏஎம்டியைத் தெரிவு செய்து ரீஸ்டார்ட் இல்லாமல் துடையுங்கள், பிறகு என்விடியாவைத் தெரிவு செய்து துடைத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். இன்டெல்லைத் தொட வேண்டாம். திரும்ப வந்ததும் எழுத்தெல்லாம் பெரிதாகித் திரை அசிங்கமாக இருக்கும், பயப்படாதீர்கள், அது மைக்ரோசொப்டின் அடிப்படை டிரைவர். பென் டிரைவில் உள்ளதைப் போட்டு, கஸ்டம் என்பதில் கிளீன் இன்ஸ்டாலேஷனுக்குச் சரி போட்டு முடித்த பிறகுதான் இன்டர்நெட்.

யூபிஎஸ் இல்லாத வீடென்றால் இடிமின்னல் நேரத்திலும், கரண்ட் வந்து வந்து போகிற நாளிலும் இதைத் தொடங்க வேண்டாம். நடுவில் நின்றால் டிரைவர் பாதியில் கிடக்கும், திரும்ப முதலிலிருந்து.

இவ்வளவும் செய்தும் கறுத்தால், மின் வயரைக் கழற்றிவிட்டுக் கார்டை வெளியே எடுத்து அதன் தங்க நிறப் பல்லுகளைப் பாருங்கள். நம் திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட உள்ள வீடுகளில் உப்புக்காற்று உலோகத்தை விட்டுவைப்பதில்லை, பாவித்த கார்ட் வேறு. ஐசோப்ரொபைல் அல்கஹோல் தொட்ட மெல்லிய துணியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ‘கிளிக்’ என்று கேட்கும்வரை பூட்டுங்கள். அப்படியும் சரிவராவிட்டால் கார்ட் இல்லாமல் மொனிட்டரை மதர்போர்டில் கொடுத்து ஓரிரு நாள் பாவித்துப் பாருங்கள், உங்கள் ஐ5இன் பெயருக்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இல்லையென்றால் உள்ளேயே இன்டெல் கிராபிக்ஸ் இருக்கும். அதில் ஒரு தொல்லையும் இல்லை என்றால் மட்டும் கார்டைச் சந்தேகப்படுங்கள். தங்கச்சியின் வகுப்பும் அதுவரை தடைப்படாது.

கேள்வி: புதுக் கார்ட் போட்டதும் மொனிட்டரில் சிக்னல் இல்லை என்று வருகிறது. பெட்டிக்குள் ஃபேன் சுற்றுகிறது. டிரைவர் பிழையா?
– வாசகி, நிலாவெளி

பதில்: இல்லை அக்கா, இது டிரைவர் வருவதற்கு முந்திய கட்டம். எச்டிஎம்ஐ வயர் பழையபடி மதர்போர்டில் இருக்கிறதா என்று பாருங்கள், கீழே படுக்கையாக இருக்கிற கார்டின் துவாரத்தில்தான் அதைக் கொடுக்க வேண்டும். கார்டின் மேல் விளிம்பில் 6 அல்லது 8 ஊசி மின் இணைப்பு இருந்தால் பவர் சப்ளையிலிருந்து அதற்கும் வயர் வர வேண்டும், ஃபேன் சுற்றுவதை மட்டும் வைத்து மின்சாரம் போதும் என்று முடிவு செய்ய முடியாது.

கேள்வி: எட்டாம் தலைமுறை ஐ3க்கு விண்டோஸ் 11 புதிதாகப் போட்டேன். என்னிடம் உள்ள ஜிடி 710 கார்டுக்குப் புதிய டிரைவரைப் போட்டால் பொருத்தமான கார்ட் இல்லை என்கிறது.
– வாசகர், மூதூர்

பதில்: கார்ட் பழுதில்லை. ஜிடி 710 கெப்லர் தலைமுறை, அதற்கான டிரைவர் 2021இல் 470 வரிசையோடு நின்றுவிட்டது, பாதுகாப்புத் திருத்தமும் 2024இல் முடிந்தது. 470 வரிசையைத் தேடிப் போட்டால் விண்டோஸ் 11இலும் ஓடும். ஆனால் உங்கள் இடத்தில் நானென்றால் கார்டைக் கழற்றி வைத்துவிடுவேன். யூடியூப் பெரும்பாலும் பாவிக்கிற விபி9 வகை வீடியோவை ஜிடி 710ஆல் தானாக விரிக்க முடியாது, பாரம் முழுக்கப் புரொசசரில் விழும். உங்கள் ஐ3இன் இன்டெல் கிராபிக்ஸ் அதைச் சுலபமாகச் செய்யும், அதற்கான டிரைவரையும் விண்டோஸ் அப்டேட்டே கொண்டுவந்துவிடும்.