தலைக்கு 1,500 ரூபாய் டின்னருக்குக் கையில் எவ்வளவு வேண்டும்?

மார்த்தாண்டத்தில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: கிறிஸ்துமஸ் வாரத்தில் கன்னியாகுமரியில் ஒரு பெரிய ஹோட்டலில் தலைக்கு 1,500 ரூபாய்க்கு செட் மெனு டின்னர். மாமனார் மாமியாரோடு நாலு பேர். 6,000 ரூபாய் போதுமா? புக் பண்ணித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் 2,000 முன்பணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

போதாது. கொடுக்கவும் வேண்டாம்.

விளம்பரத்தில் 1,500 பக்கத்தில் இரண்டு பிளஸ் குறியோ, பொடி எழுத்தில் ‘வரிகள் தனி’ என்றோ இருக்கும், பாருங்கள். சாதாரண ரெஸ்டாரண்டில் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது தலைக்கு 1,575. ஆனால் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்டில் 18 ஆகலாம். எப்போது? அந்த ஹோட்டலில் போன நிதியாண்டில் ஏதாவது ஓர் அறை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போயிருந்தால். ஒரே அறை, ஒரே நாள் என்றாலும் போதும்; அல்லது ஹோட்டலே நான் 18-இல் வருகிறேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால். 2025 ஏப்ரல் முதல் இதுதான் கணக்கு. நீங்கள் அங்கே தங்கவில்லை, வாசலில் எத்தனை நட்சத்திரம் என்பதும் இதில் வராது, சாப்பிட மட்டும் போகிறீர்கள், ஆனாலும் 18 தான். மாடியில் யாரோ தூங்கிய கட்டிலின் வாடகையைப் பார்த்துக் கீழே நாம் தின்கிற மீனுக்கு வரி போடுகிறார்கள், இதைச் சாப்பிட வருகிறவர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. போன் போட்டு ‘வரி ஐந்தா பதினெட்டா’ என்று கேட்டுவிடுங்கள். பதினெட்டு என்றால் நாலு பேருக்கு 7,080.

அதற்கு மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போட்டு, அதற்கும் சேர்த்து வரி போட்டால் 7,788. இந்த 708 ரூபாயைத் தர வேண்டியதில்லை. கேட்காமல் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொன்னது, டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அது சரி என்றது. அப்புறமும் போன வருஷம் நாகர்கோவிலில் என் பில்லிலேயே போட்டிருந்தார்கள், பத்தொன்பது வருஷம் ஹோட்டல் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவன் நான், என்னிடமே! எடுக்கச் சொல்லுங்கள், முரண்டு பிடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

இனி ஏஜென்ட். ‘கடல் பார்த்த மேசை, அஸ்தமனம் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம்’ என்று இவர்கள் கூடுதல் பணம் வாங்குவார்கள். டிசம்பரில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் இறங்கிவிடும், ஏழரைக்குத் தொடங்கும் டின்னரில் எந்த அஸ்தமனம்? பணம் அவருடைய சொந்த ஜிபே நம்பருக்குப் போகும், ஹோட்டல் நோட்டில் உங்கள் பெயரே இருக்காது, அன்றைக்கு ராத்திரி வரவேற்பில் நின்று நீங்கள்தான் வாதாட வேண்டும். கூப்பன், மெம்பர்ஷிப் கார்டு, ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ எல்லாம் இதே ஜாதிதான், பண்டிகை நாளில் செல்லாது என்று பின்பக்கத்தில் அச்சடித்திருப்பார்கள். ஹோட்டலுக்கே நேராகப் பேசி, ஹோட்டல் பெயர் வருகிற கணக்குக்கே பணம் போட்டு, வரி உட்பட மொத்தம் எவ்வளவு என்று வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள்.

தண்ணீர் பாட்டில் பல இடங்களில் தனிக் காசு. அச்சிட்ட விலைக்கு மேல் ஹோட்டல்கள் வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதால் அதில் சண்டை பிடித்துப் பயனில்லை, சாதாத் தண்ணீர் கேளுங்கள். செட் மெனு என்பது பஃபே அல்ல, நெய்மீன் ஒரு துண்டு என்றால் ஒரு துண்டுதான். மாமியார் சைவம் என்றால் புக் பண்ணும்போதே சொல்லுங்கள். விலையை அநேகமாகக் குறைக்க மாட்டார்கள், தட்டில் பனீராவது வரும்.