ஆட்சி கவிழ்ந்தால் கருவூலம் மூடுமா?

கேள்வி: ஆளும் கூட்டணியில் உள்ள ஒரு கட்சி, கொள்கை வேறுபாட்டால் ஆதரவை விலக்கிக்கொள்ள நினைக்கிறது. "இப்போது ஆட்சி கவிழ்ந்தால் சம்பளம் நிற்கும், பணிகள் முடங்கும்" என்று சொல்லித் தடுக்கிறார்கள். இதில் உண்மை எவ்வளவு?

பதில்: எந்த மாதத்தில் கவிழ்கிறது என்று முதலில் பாருங்கள். மாநிலத்தின் தொகுப்பு நிதியிலிருந்து (வரியும் கடனும் வந்து சேரும் முதன்மைக் கணக்கு) பணம் எடுக்க, பேரவை நிறைவேற்றிய நிதி ஒதுக்கச் சட்டம் வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 204-வது பிரிவு. அந்த அனுமதி மார்ச் 31-ம் தேதியோடு காலாவதியாகும். முழு பட்ஜெட்டும் நிறைவேறிய பிறகு, ஆகஸ்ட்டிலோ அக்டோபரிலோ ஆட்சி கவிழ்ந்தால் சம்பளப் பட்டியலும் ஓய்வூதியமும் வழக்கம்போல் நகரும். அனுமதி அமைச்சரவையோடு போய்விடுவதில்லை, அது சட்டம். அந்த மாதங்களில் "சம்பளம் நிற்கும்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிப்ரவரி, மார்ச் மாதங்கள் வேறு. முன்பண மானியக் கோரிக்கையை (சில மாதச் செலவுக்கு மட்டும் பேரவை தரும் அனுமதி) மட்டும் நிறைவேற்றி, முழு பட்ஜெட்டைத் தள்ளிவைத்திருக்கும் இடைவெளியும் அப்படித்தான். அப்போது கெடு தேதி நிஜமானது.

கர்நாடகத்தில் 2019 ஜூலையில் நடந்தது இதுதான். 23-ம் தேதி குமாரசாமி அரசு 99-க்கு 105 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது. செலவுக்கான அனுமதியோ ஜூலை 31-ல் முடிகிறது. 26-ம் தேதி பதவியேற்ற எடியூரப்பா, 29-ம் தேதி நம்பிக்கை வாக்கைப் பெற்ற கையோடு, முந்தைய அரசு தயாரித்த நிதி மசோதாவையே அவையில் நிறைவேற்றினார். கவிழ்த்த ஆட்சியின் வரவு செலவுத் திட்டத்தைக் கவிழ்த்தவர்களே ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆட்சிமாற்றம் நடந்த விதத்தைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், இந்த ஒரு காரியம் சரியாகச் செய்யப்பட்டது.

உத்தராகண்டில் 2016-ல் நடந்தது நேர்மாறு. மார்ச் 18 அன்று நிதி ஒதுக்க மசோதா குரல் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிர்க்கட்சியும் ஆளுங்கட்சியின் 9 அதிருப்தி உறுப்பினர்களும் தலைகளை எண்ணச் சொன்னார்கள். பேரவைத் தலைவர் எண்ணாமலேயே "நிறைவேறியது" என்று அறிவித்தார். சட்டம் இருக்கிறதா இல்லையா என்பதே சச்சரவானது. மார்ச் 27-ல் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரல் 1 முதல் செலவு செய்ய வழியில்லாமல், மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டுப் பணத்துக்கு அனுமதி கொடுத்தது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மே 10-ல் நடந்த வாக்கெடுப்பில் ஹரீஷ் ராவத் 33-க்கு 28 என்று வென்று மீண்டும் முதல்வரானார். மார்ச் 18 அன்று சில நிமிடம் ஒதுக்கி எண்ணியிருந்தால், மாநிலத்தின் வரவு செலவு இப்படி நீதிமன்றத்துக்கும் டெல்லிக்கும் இடையே அலைந்திருக்காது.

ஆகவே கொள்கைக்காக விலகுவதும் மாநிலத்தின் பணத்தைக் காப்பதும் மோதிக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லை. விலகும் கட்சி இரண்டு கடிதம் தரலாம். ஒன்று, ஆதரவு வாபஸ் என்று ஆளுநருக்கு. இன்னொன்று, அடுத்து யார் வந்தாலும் நான்கு மாதச் செலவுக்கான முன்பண மானியக் கோரிக்கையை ஆதரிப்போம் என்று பேரவைத் தலைவருக்கு. 206-வது பிரிவு இதற்கு இடம் தருகிறது. இரண்டாவது கடிதத்துக்குச் சட்டக் கட்டாயம் கிடையாது, ஆனால் "மக்கள் பணத்தோடு விளையாடுகிறார்கள்" என்ற குற்றச்சாட்டு அதோடு செத்துவிடும்.

கேள்வி: கடனுக்கான வட்டிக்கு வாக்கெடுப்பே தேவையில்லை என்கிறார்களே. அப்படியானால் பயமில்லைதானே?

பதில்: பாதிதான் சரி. கடன் வட்டி, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம், நீதிமன்றத் தீர்ப்புப்படி கட்ட வேண்டிய தொகை போன்றவை தொகுப்பு நிதியின் மீது சுமத்தப்பட்ட செலவுகள். அவற்றைப் பற்றி அவையில் பேசலாம், வாக்களிக்க முடியாது. ஆனாலும் அந்தத் தொகையும் நிதி ஒதுக்கச் சட்டத்துக்குள் வந்தாக வேண்டும். பலரும் தவறவிடும் இடம் இது. வருங்கால வைப்பு நிதி, வைப்புத்தொகைகள் உள்ள பொதுக் கணக்குக்குத்தான் பேரவையின் வாக்கு வேண்டாம். எதிர்பாராச் செலவு நிதியை வைத்து மாதக்கணக்கில் ஓட்டிவிடலாம் என்பதும் நடக்காது. அது எதிர்பாராத தேவைகளுக்கான சிறு கையிருப்பு. எடுத்ததைப் பின்னால் பேரவையின் ஒப்புதலோடு நிரப்ப வேண்டும்.

கேள்வி: தன் கட்சியின் பட்ஜெட் மனசாட்சிக்கு ஒவ்வாதது என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் நினைத்தால் எதிர்த்து வாக்களிக்கலாமா?

பதில்: இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்ற கட்சியின் கொறடா உத்தரவு இருந்தால், கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவி போகும் வாய்ப்பே அதிகம். முன்அனுமதி பெற்றிருக்க வேண்டும், அல்லது 15 நாட்களுக்குள் கட்சி மன்னிக்க வேண்டும். வாக்களிக்காமல் இருந்தாலும் இதே கதிதான். 2003-க்குப் பிறகு, கட்சியின் சட்டமன்ற உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்து தப்பும் வழியும் அடைபட்டுவிட்டது. அவருக்கு நேர்மையான வழி, மானியக் கோரிக்கை விவாதத்தில் தன் எதிர்ப்பை அவைக் குறிப்பில் பதிய வைப்பது. அதுவும் போதாதென்றால் ராஜினாமா செய்து மக்களிடம் போவது. இரண்டாவதற்கு விலை அதிகம், ஆனால் கேள்விக்கு இடமில்லாத வழி அதுதான்.

கேள்வி: மாநிலத்தின் நிதிநிலை மோசம் என்று காரணம் காட்டி ஆட்சியைக் கலைக்க முடியுமா?

பதில்: முடியாது. நிதி நெருக்கடியை மட்டும் காரணமாக வைத்து, குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு வழிசெய்யும் 356-வது பிரிவைப் பயன்படுத்துவது முறையல்ல என்று மத்திய-மாநில உறவுகளை ஆராய்ந்த சர்க்காரியா ஆணையம் சொன்னது. பெரும்பான்மையை அவையில்தான் சோதிக்க வேண்டும் என்று 1994-ல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு தீர்த்தது. நிதி நெருக்கடிக்கென்றே தனியாக 360-வது பிரிவு இருக்கிறது. இன்றுவரை ஒருமுறைகூடப் பிரகடனம் செய்யப்பட்டதில்லை.

கேள்வி: புதிய அரசு வரும்வரை தற்காலிகமாகத் தொடரும் காபந்து அரசு இருக்கும் நாட்களில் எதைக் கண்காணிக்க வேண்டும்?

பதில்: மூன்று விஷயம். முதலாவது, ரிசர்வ் வங்கியிடம் மாநிலத்தின் மிகைப்பற்று, அதாவது அனுமதித்த வரம்புக்கு மேல் எடுத்த கடன். தொடர்ந்து 14 வேலைநாட்களைத் தாண்டினால் வங்கி பட்டுவாடாவை நிறுத்தலாம். இரண்டாவது, புதிய டெண்டர்களும் அவசர இடமாறுதல்களும். காபந்து அரசு அன்றாட வேலைக்கு அப்பால் போகக் கூடாது என்பது மரபுதான், எழுதப்பட்ட சட்டமல்ல. அதனால்தான் இங்கே கண் வைக்க வேண்டும். மூன்றாவது, ஒப்பந்ததாரர் பில்கள். சம்பளம் கடைசிவரை தப்பிக்கும். கருவூலத்தில் கை இறுகும்போது முதலில் தேங்குவது இந்தப் பில்கள்தான். உங்கள் ஊர்ச் சாலையோ பள்ளிக் கட்டடமோ பாதியில் நின்றால், நம்பிக்கை வாக்கெடுப்புக்கு ஆளுநர் எந்தத் தேதி குறித்திருக்கிறார் என்று கேளுங்கள்.