பேருந்து, ரயிலில் தினமும் போகும்போது திருட்டு, தொல்லை இவற்றிலிருந்து பாதுகாப்பாக இருப்பது எப்படி?

புதிய வேலை, பேருந்தும் ரயிலும் மாறிப் போக வேண்டும், வீடு திரும்ப இரவாகிவிடும், பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடங்களாக அப்படியே போய்வருகிறவள் என்பதால் சொல்கிறேன். வழி முழுக்கப் பயந்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டாம். கதவருகே கழியும் நிமிடங்களில் உஷாராக இருந்தாலே பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

ஜேப்படிக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்த இடம் அந்தக் கதவுதான். ஏறும்போது யார் இடித்தாலும் நமக்குச் சந்தேகம் வராது, கண்ணெல்லாம் படியிலும் கம்பியிலும் இருக்கும். கைதேர்ந்தவர்கள் பெரும்பாலும் கூட்டாகத்தான் வருவார்கள். ஒருவர் முன்னால் ஏறி, டிக்கெட்டைத் தேடுவதுபோலச் சட்டென்று நின்றுவிடுவார். நீங்கள் அவர் முதுகில் முட்டி நிற்கிற அந்த நொடியில் பின்னால் நிற்பவர் வேலையை முடித்துவிடுவார். எடுத்த பர்ஸ் உடனே மூன்றாவது ஆளிடம் கைமாறிவிடும். அப்புறம் நீங்கள் யாரைப் பிடித்து உலுக்கினாலும் அவரிடம் ஒன்றும் இருக்காது.

ஒருமுறை என் பக்கத்தில் நின்றவர் முழங்கையில் மடித்த பேப்பர் ஒன்றைப் போட்டிருந்தார். வண்டி குலுங்கியதில் எல்லோரும் ஆடினோம், அந்தப் பேப்பர் மட்டும் ஆடவில்லை. குனிந்து பார்த்தால், அதற்கடியில் இரண்டு விரல்கள் முன்னால் நின்ற அம்மாவின் பை ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தன. "அம்மா, பை திறந்திருக்கு பாருங்க" என்று சத்தமாகச் சொன்னேன். திருடன் என்று கத்தவில்லை, கத்தியிருந்தால் வீண் சண்டை. அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிப் போய்விட்டார்.

அதனால் வண்டி வரும் முன்பே பையை முன்பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள், ஜிப்பின் முனை உடம்புப் பக்கம் இருக்கட்டும். பின் பாக்கெட்டில் எதுவும் வேண்டாம். இன்னொன்று, 'திருடர்கள் ஜாக்கிரதை' பலகையைப் பார்த்ததும் நம் கை தானாகப் பர்ஸைத் தொட்டுப் பார்க்கும். பர்ஸ் எங்கே இருக்கிறது என்று நாமே காட்டிக் கொடுப்பதற்குச் சமம் அது!

போன் விஷயம் வேறு. கதவு மூடும் நேரத்திலோ வண்டி நகரும் நேரத்திலோ பறித்துக்கொண்டு குதித்துவிடுவார்கள், நீங்கள் உள்ளே மாட்டிக்கொள்வீர்கள். கதவோரமும் திறந்த ஜன்னலோரமும் போன் பார்க்க வேண்டாம், உள்ளே தள்ளிப் போய்ப் பாருங்கள். போன் போவதைவிட அதற்குள் இருக்கும் பணம் போவதுதான் பெரிய அடி. தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து பாஸ்கோடை மனப்பாடம் செய்த பிறகு பறிக்கிறவர்களும் உண்டு. இதற்காகவே 2024 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 17.3 என்ற ஐபோன் மென்பொருளில் ஆப்பிள் ஒரு வசதி கொடுத்தது. அதைப் போட்டுவைத்தால், பழக்கமில்லாத இடத்தில் முகமோ விரல்ரேகையோ காட்டாமல் முக்கியமான அமைப்புகளை மாற்ற முடியாது. ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லை மாற்ற ஒரு மணிநேரம் காத்திருக்கவும் வேண்டும். ஆண்ட்ராய்டிலும் அதே வருடம், யாராவது பறித்துக்கொண்டு ஓடினால் அசைவை வைத்துத் திரையைப் பூட்டும் வசதி வந்தது. இரண்டுமே செட்டிங்ஸில் இருக்கின்றன, இன்றைக்கே பாருங்கள்.

பலர் கோட்டைவிடுவது சிம்மில். திருடியவர் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். சிம்முக்கும் ஒரு பின் எண் போடலாம். சிம் நிறுவனம் தந்திருக்கும் ஆரம்ப எண்ணைத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள், மூன்று முறை தப்பாகப் போட்டால் சிம் பூட்டிக்கொள்ளும். அப்படியே *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது உங்கள் போனுக்கே உரிய அடையாள எண்ணை, போனில் இல்லாமல் வேறெங்காவது குறித்து வையுங்கள். புகார் கொடுக்க அதைத்தான் கேட்பார்கள்.

இரவுப் பயணத்துக்கு வருவோம். குற்றங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ந்த கோஹன், ஃபெல்சன் என்ற இருவர் 1979-இல் சொன்னது இது: செய்யத் துணிந்தவன், கைக்கெட்டிய இலக்கு, தட்டிக்கேட்க ஆளில்லாத நிலை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போதுதான் குற்றம் நடக்கிறது. முதலாவது நம் கையில் இல்லை. மூன்றாவதை நாம் மாற்றலாம். காலிப் பெட்டியில் சௌகரியமாக உட்காருவதைவிட ஆளிருக்கும் பெட்டியில் நின்றுகொண்டே போவது மேல். பேருந்தில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை. இரவில் நிறுத்தம் இல்லாத இடத்திலும் கேட்டால் இறக்கிவிடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. டொராண்டோவில் 1991-இலும் மான்ட்ரியலில் 1996-இலும் பெண்களுக்காக அதைத் தொடங்கினார்கள். உங்கள் ஊரிலும் ஓட்டுநரிடம் கேட்டுப் பாருங்கள். யாரோ பின்தொடர்வதாகத் தோன்றினால் நேரே வீட்டுக்குப் போகாதீர்கள், ஆள் நடமாட்டம் உள்ள நிறுத்தம் வரை போய் இறங்குங்கள்.

யாராவது உரசினால் கூட்டத்தைப் பார்த்துப் பொதுவாகக் கத்துவதில் பலன் குறைவு, அவரவர் அடுத்தவர் கேட்பார் என்று இருந்துவிடுவார்கள். ஒருவரைக் குறிப்பிட்டுக் கூப்பிடுங்கள்: "நீலச் சட்டை அண்ணா, இவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லுங்க." வேறொருவருக்கு நடப்பதைப் பார்த்தால், அந்தப் பெண்ணிடம் "அடுத்த ஸ்டாப் எதும்மா?" என்று கேட்டுக்கொண்டே நடுவில் போய் நில்லுங்கள். கத்தியைக் காட்டினால் மட்டும் பேச்சே வேண்டாம், கேட்டதைக் கொடுத்துவிடுங்கள்.

பெப்பர் ஸ்ப்ரே வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரிட்டன் போன்ற நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம், முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். மூடிய பெட்டிக்குள் அடித்தால் உங்கள் கண்ணும் சேர்ந்துதான் எரியும். நானாக இருந்தால் ஒரு விசில் வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வேன்.